மாலைதீவில் நான் வைத்த தீவு

இந்த மாதிரிக் கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தேழு வயது. இளைய மகனுக்குக் கிண்டர்கார்ட்டன் வயது இன்னும் வரவில்லை. நான் இதை எழுதும்போது மேசைக்குக் கீழே என் செருப்பு இரண்டையும் ஒன்றோடொன்று சண்டைபிடிக்க வைத்துக்கொண்டிருக்கிறான். ஆனாலும் நான் ஓய்வு பெற்றவள்தான். வரைபடம் வரைவது என் தொழில். இந்த வசந்தத்தில் எங்கள் நிறுவனம் காகித வரைபடம் செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது எல்லோரும் கணினியில் உருட்டிப் பெருப்பித்துப் பார்க்கிறார்கள். தொழில் முதலில் ஓய்வு பெற்றது. நான் அதன் பின்னால் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இரண்டு தடவை சாத்தினேன். பூட்டு விழுந்ததா என்று சந்தேகம்.

எழுதச் சொன்னவள் பிரியா. எங்களிடம் கடைசியாகத் தொழில் பழகிய பிள்ளை.

"அக்கா, அந்தத் தீவுக் கதையை நீங்களே எழுதிப்போடுங்கோ. ஆக்கள் கண்டபடி சொல்லித் திரியினம். எங்கட மாமி சொல்லுறா, நீங்கள் ஒரு தீவை வித்துத்தான் வீடு வாங்கினீங்களாம்."

நாங்கள் வீடு வாங்கவில்லை. இன்றைக்கும் வாடகை வீடுதான். அதை முதலில் தெளிவாக்கிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகளில் ஒன்றிலிருந்து, சிறுமியாக, பெற்றோருடன் ஜெர்மனிக்கு வந்தேன். எந்தத் தீவு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றத் தீவுக்காரர், "ஏன், எங்கடையை எடுத்திருந்தால் என்ன?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் டார்ம்ஸ்டாட்டில் வரைபடத் தொழிலுக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, கிடைத்தது. பிள்ளை என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், அம்மா, "படம் கீறுறாள்" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றுவார். ஊசியால் படலத்தின்மேல் கோடு கீறப் பழகினேன். கை படிந்து, கோடு நடுங்காமல் வரத் தொடங்கியபோது, ஊசிகளை எல்லாம் பெட்டியில் போட்டுவிட்டுக் கணினிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

சொல்ல நிறைய இருப்பது ஹெர் க்ராம் பற்றி. இங்கே ஆணின் பெயருக்கு முன்னால் ஹெர், பெண்ணுக்கு ஃப்ராவ் போடுவார்கள். அவர்தான் எனக்கு மேலதிகாரி. ஒல்லியான, உயரமான மனிதர். யாரையும் "பிழை" என்று சொல்லமாட்டார். பிழையைக் கண்டால், "சுவாரசியம்" என்பார். நாங்கள் ஜெர்மனில் பேசியதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன். ஆனால் அந்தச் சொல்லை அவர் சொல்லும் விதத்தைத் தரமுடியாது. மிக மெதுவாக, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொல்வார். அந்த அறையில் ஒருநாளில் மூன்று தடவை சுவாரசியம் கேட்டவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு கரையையும் மூன்று விதமாகப் பார்க்கவேண்டும். முதலில் நேராக. பிறகு தாளைத் தலைகீழாக வைத்து. அப்படி வைத்தால் கண் தனக்குத் தெரிந்ததைப் பார்க்காமல், அங்கே இருப்பதைப் பார்க்கும். மூன்றாவது, பக்கத்து மேசைக்காரர் மூலப் படத்தின் கரையைச் சத்தமாக வாசிக்க, நாங்கள் பச்சைப் பென்சிலால் தொட்டுக்கொண்டு போகவேண்டும். "வடக்கில் சிறு வளைவு, பிறகு மேற்கே திரும்பு" என்று ஒருவர் வாசிக்க இன்னொருவர் பென்சிலோடு போவதைப் பார்த்தால், கண்ணைக் கட்டிவிட்டு வழிகாட்டும் விளையாட்டு மாதிரி இருக்கும். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. நான் இயல்பிலேயே எதையும் ஒருதடவை பார்த்து நம்புகிறவள் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று ரயில் நிலையத்திலிருந்து திரும்பி ஓடியவள். அந்த ஒரு கந்தோரில்தான் என்னுடைய இந்த நோய்க்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

மூத்தவள் ஆரணி பிறந்து, ஒரு வயதானதும் வேலைக்குத் திரும்பினேன். அப்போது கிடைத்தது இரண்டு வருட ஒப்பந்தம். அது முடிந்தால் நீடிப்பார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கணவர் நேசன் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறார். அவருடைய வேலையும் அந்த நேரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை வேண்டும். அந்த ஒருவர் நான்தான் என்று நாங்கள் இருவரும் பேசாமலே முடிவெடுத்திருந்தோம்.

திரும்பிவந்ததும் எனக்குத் தந்த முதல் வேலை மாலைதீவு. சுற்றுலாப் புத்தகம் போடும் ஒரு பதிப்பகத்துக்கு, மடிக்கிற வரைபடம்.

மாலைதீவை வரைந்து பார்க்காதவர்கள் அதைத் தீவுகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவை வளையங்கள். கடலுக்கு அடியில் வடக்குத் தெற்காகப் போகும் ஒரு நீண்ட மேட்டின் மேல், பவழம் வளையம் வளையமாகக் கட்டியிருக்கிறது. வடக்கே போனால், பெரிய வளையமே சின்னச் சின்ன வளையங்களால் ஆனது. வளையத்துக்கு உள்ளே பச்சைத் தண்ணீர், வெளியே கருநீலக் கடல், இரண்டுக்கும் நடுவே படகு போக இடைவெளிகள். இந்த வளையத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் அட்டோல் என்ற சொல்லே அந்தத் தீவுக்காரருடைய மொழியிலிருந்து போனதுதான். வளையத்தின் விளிம்பில் எங்கே கொஞ்சம் மணல் சேர்ந்து, ஒரு தென்னை பிடித்துக்கொண்டதோ, அது தீவு. எழுந்து நின்றால் நீங்கள்தான் அங்கே மலை.

சிக்கல் என்னவென்றால், அந்த மணல் ஓரிடத்தில் இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது தீவின் மணல் கிழக்குப் பக்கம் போய் ஒதுங்கும். வடகிழக்குக் காற்று தொடங்கியதும் மேற்கே வந்துவிடும். எனக்குக் கிடைத்த வான்படங்களில் பாதி ஒரு பருவத்தில் எடுத்தவை, மீதி மற்றப் பருவத்தில் எடுத்தவை. ஒரே தீவுக்கு ஒரு படத்தில் கிழக்கே வால், இன்னொன்றில் மேற்கே வால். முதல் வாரம் நான் அவற்றை இரண்டு தீவு என்று நினைத்து வரைந்தேன்.

"சுவாரசியம்," என்றார் ஹெர் க்ராம்.

கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"எது உண்மையான கரை?" என்று கேட்டேன். "இதுவா, அதுவா?"

"இரண்டும். தீவு படுக்கையில் புரண்டு படுக்கிறது. நீங்கள் அது எந்தப் பக்கம் படுத்தாலும் விழாத இடத்தை வரையுங்கள்."

வீட்டில் ஆரணியைக் கட்டிலில் படுக்கவைப்பவளுக்கு அது உடனே விளங்கியது. இரண்டு பருவத்திலும் நிலமாக இருப்பதை முழுக் கோட்டாலும், வந்துபோகும் மணலைப் புள்ளிக்கோட்டாலும் போட்டேன். ஒவ்வொரு தீவாக, வளையம் வளையமாக. மூன்று விதமாகவும் பார்த்தேன். நாலாவதாக வீட்டுக்குக் கொண்டுபோயும் பார்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து அச்சுக்கு அனுப்பும் நாளுக்கு முந்தைய நாள், ஹெர் க்ராம் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு அப்பிளும் சிறுகத்தியும். தோலை அறாமல் ஒரே நாடாவாக உரிப்பது அவருடைய பெருமை.

"ஃப்ராவ் நேசன், உங்கள் வரைபடத்தில் ஒரு குறை இருக்கிறது."

"எந்த அட்டோலில்?"

"முழுவதும் உண்மை. அதுதான் குறை."

பிறகு விளக்கினார். உண்மை யாருக்கும் சொந்தமில்லை. நாளைக்கு யாராவது எங்கள் வரைபடத்தைப் பார்த்து அப்படியே வரைந்துவிட்டு, "நாங்களும் அதே தீவுகளைத்தான் பார்த்தோம்" என்றால், நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு வரைபடத்திலும் ஒரு பொய் வைக்கவேண்டும். சின்னப் பொய். திருடுபவன் அதையும் சேர்த்துத் திருடுவான். இதற்கு எங்கள் தொழிலில் கண்ணி என்று பெயர். கண்ணி வைப்பதற்கும் சட்டம் உண்டு: பெயர் இருக்கக்கூடாது, படகு போகும் வழியில் இருக்கக்கூடாது, யாரும் நம்பிப் போய்க் கெட்டுப்போகிற இடத்தில் இருக்கக்கூடாது.

"இந்தத் தடவை நீங்கள் வையுங்கள்," என்றார்.

பொய் சொல்லாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அதே வசனத்தை மகளுக்குச் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தவள். மேலதிகாரி சொன்ன வேலையைச் செய்யாமலும் இருக்க ஏலாது. எனவே பொய்யை மிகுந்த பொறுப்போடு செய்தேன். அரைநாள் தேடி, தெற்கே ஒரு வளையத்தின் விளிம்பில், இடுப்பளவு தண்ணீர்கூட இல்லாத பவழப்பார் ஒன்றைக் கண்டுபிடித்தேன். எந்தப் படகும் அந்தப் பக்கமே போகமுடியாது. அங்கே ஒரு குட்டித்தீவை வரைந்துகொண்டு போனேன்.

"சுவாரசியம். இது உருளைக்கிழங்கு."

இன்னொன்று வரைந்தேன்.

"இதுவும் உருளைக்கிழங்குதான். கொஞ்சம் முளைத்திருக்கிறது. மனிதன் கற்பனையில் வரைந்த கரை மனிதன் வரைந்ததுபோலவே இருக்கும், ஃப்ராவ் நேசன். கடலுக்கு உங்களைவிட அதிக கற்பனை."

யோசித்துப் பார்த்ததில், கடல் ஏற்கனவே வரைந்த ஒன்றை எடுப்பதுதான் வழி என்று பட்டது. அந்தக் கட்டிடத்தில், ஏன், அந்த நகரத்திலேயே யாரும் பார்த்திராத கரை வேண்டும். அலமாரியில் இலங்கையின் பழைய நில அளவைத் தாள்கள் இருந்தன. எங்கள் ஊர்த் தீவை எடுத்தேன். புளியங்கொட்டை அளவுக்குச் சுருக்கினேன். கால்வட்டம் திருப்பினேன். பவழப்பாரின் மேல் வைத்தேன்.

ஹெர் க்ராம் நேராகப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார்.

"மிக நல்ல தீவு. எங்கே பிடித்தீர்கள்?"

"எங்கேயோ இருந்தது," என்றேன்.

அன்று முழுவதும் ஒரே யோசனை. யாராவது படகு கவிழ்ந்து, கையில் எங்கள் சுற்றுலா வரைபடத்தோடு, அந்தத் தீவை நம்பி நீந்தினால்? நேசனிடம் கேட்டேன்.

"படகு கவிழேக்க ஆரப்பா வரைபடத்தை விரிச்சுப் பாக்கிறது? நனைஞ்செல்லோ போகும்."

அவருக்கு எல்லாமே சுலபம்.

வரைபடம் அச்சாகி வந்தது. நன்றாக விற்றது. எனது ஒப்பந்தத்தின் இரண்டாவது வருடத்து வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, ஆரணியை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு, பிராங்பேர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவம் அண்ணையின் கடைக்குப் போனேன். முன்பக்கம் முருங்கைக்காய், அரிசிமா, தகரத்தில் அடைத்த மீன்ரின். பின்பக்கம் ஒரு மேசை போட்டு விமான டிக்கெட். எங்கள் ஊர்க்காரர். சத்தமாகப் பேசுகிறவர்.

"பிள்ளை, வா வா, இஞ்ச வா! உந்த அநியாயத்தை வந்து பார்!"

மேசைக்குப் பின்னால் சுவரில், வேறொரு பதிப்பகம் புதிதாக அச்சிட்டிருந்த மாலைதீவுச் சுவர்ப்படம். விமான நிறுவனத்து ஆள் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனதாம். எங்கள் வரைபடத்தைவிட நாலு மடங்கு பெரிது. அதில் புளியங்கொட்டை, மாங்கொட்டை ஆகியிருந்தது.

"என்ன தெரியுது?"

"மாலைதீவு அண்ணை."

"மாலைதீவோ! கழுத்தைச் சரிச்சுப் பார். எங்கட ஊரடி! எங்கட ஊரைக் கிளப்பிக்கொண்டு போய் மாலைதீவில போட்டிட்டாங்கள்!"

மீன்ரின் வாங்க வந்திருந்த ஒரு அக்கா கழுத்தைச் சரித்தார். "ஓமடா. உது கிழக்குப் பக்கம். உதிலதான் எங்கட காணி. அதையும் சேத்தோ வித்தவங்கள்?"

"சேத்துத்தான் வித்திருப்பாங்கள் அக்கா. காணியைத் தனியா விட்டிட்டு ஊரை விக்கேலுமே?"

வண்டிலைக் கதவுப் பக்கம் திருப்பினேன். "தற்செயலா இருக்கும் அண்ணை," என்றேன்.

"என்ன தற்செயல்! இதைப் பார்." குமிழ்முனைப் பேனாவால் கிழக்கு ஓரத்தைத் தட்டினார். கரையிலிருந்து ஒரு சின்ன நேர்கோடு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. "தாம்போதி தொடங்கிற இடம். நான் சைக்கிளில விழுந்த இடம்கூட இருக்கடி."

அப்போதுதான் நானும் பார்த்தேன். கடலுக்குள்ளால் போட்ட வீதி. எங்கள் தீவைப் பக்கத்துத் தீவோடு இணைக்கிற வீதி. பழைய தாளில் அதன் அடிக்கட்டையும் கரைக்கோட்டோடு சேர்ந்தே இருந்திருக்கிறது. நான் கடமையாக அதையும் ஒற்றியிருக்கிறேன். தலைகீழாகப் பார்த்தும் ஹெர் க்ராமுக்குத் தெரியவில்லை. தாம்போதியில் போயிராதவர்களுக்கு அது மணல்வால்.

சுவர்ப்படத்தைத் தரும்படி கேட்டேன். சிவம் அண்ணை மறுத்துவிட்டார். அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்களாம். வந்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு வெங்காயமாவது வாங்குகிறார்களாம். கடைசியில், அதைத் திருப்பிக் கொண்டுவந்து தருவதாகவும், கூடவே எங்கள் ஊரின் உண்மையான வரைபடத்தைப் பெரிதாக அடித்துத் தருவதாகவும் ஆரணியின் தலையில் கைவைத்துச் சொன்னபிறகுதான் கழற்றினார்.

திங்கட்கிழமை ஹெர் க்ராம் இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"விழுந்துவிட்டார்கள்," என்றார். பிறகு கதவைச் சாத்தினார். "ஃப்ராவ் நேசன், வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்த வருடம் எனக்கு ஒருவரை நிரந்தரமாக வைத்திருக்க வழியில்லை. இவர்கள் நட்டஈடு தந்தால் வழியுண்டு. தந்தால், அந்த ஒருவர் நீங்கள்."

டுசல்டோர்ஃபில் அந்தப் பதிப்பகத்தோடு பேச நாள் குறித்தார்கள். போவதற்கு முன்தினம், யாரும் சொல்லாமலே, செயற்கைக்கோள் எடுத்த அந்த இடத்துப் புதிய செய்மதிப் படத்தை எடுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று நேசன் இன்றுவரை கேட்கிறார். அடுப்பை ஏன் பார்க்கிறேனோ அதற்காகத்தான்.

பவழப்பாரின் மேல், நான் பொய் வைத்த அதே இடத்தில், வெள்ளையாக ஒரு கீற்று. மணல் வந்திருந்தது.

பொய்யை வைத்துத் திருடனைப் பிடிக்கப் போனால், பொய் மெய்யாகிவிட்டிருந்தது.

"நீர் கூப்பிட்டனீரே?" என்றார் நேசன். "தானா வந்தது. பேசாமல் இரும்."

"அவங்களும் பாத்தால்?"

"உம்மைப்போல இன்னொரு ஆள் உலகத்தில இருக்காது."

காலையில் ஆரணியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குக் காய்ச்சல். நேசனுக்குக் காலை வேலை. வேறு வழியில்லாமல் ஆரணியையும் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். என் பையில் துடைதுணி, மாற்றுடுப்பு, வாழைப்பழம், எதற்கும் இருக்கட்டுமென்று எங்கள் ஊர்த் தீவை ஒற்றிய கண்ணாடித்தாள். வண்டி வேகமெடுத்ததும் செய்மதிப் படத்தை ஹெர் க்ராமிடம் கொடுத்தேன்.

"சுவாரசியம்," என்றார். கொலோன் தாண்டும்வரை அதைத் தலைகீழாகவும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரணி அவருடைய கழுத்துப்பட்டியை வாழைப்பழக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தாண்டியதும், "எங்களிடம் கேட்காமல் வந்திருக்கிறது," என்றார்.

"நாங்கள் சொல்லவேண்டுமா?"

"கேட்டால் சொல்வோம். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் யோசிப்போம்."

அவர்கள் கேட்கவில்லை. அவர்களே செய்மதிப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். ஹெர் டோர்ன் என்று அவர்களுடைய முகாமையாளர், பளபளவென்று மொட்டைத் தலை. பக்கத்தில் ஒரு வழக்கறிஞர், பேனாவைத் திறந்தபடி.

"இதோ தீவு. இருக்கிறது. இருப்பதை வரைய யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை," என்றார் ஹெர் டோர்ன்.

அந்த நேரம் பார்த்து ஆரணி அழத் தொடங்கினாள். நான் எழுந்தேன். ஹெர் க்ராம் என் தோளை மெல்ல அழுத்தி உட்காரவைத்தார். மகளைத் தூக்கிக்கொண்டார்.

"நான் இவளைப் பார்க்கிறேன். நீங்கள் தீவைப் பாருங்கள்."

கதவு சாத்தப்பட்டது. அறையில் நான், இரண்டு ஆண்கள், இரண்டு தீவு. நிரந்தர வேலை அந்த மேசையின் மேல்தான் எங்கேயோ கிடந்தது.

"ஆம், மணல் வந்திருக்கிறது," என்றேன். "நேற்று நானும் பார்த்தேன்."

வழக்கறிஞர் அதைச் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

"ஆனால் வந்திருப்பது ஒரு கீற்று. உங்கள் படத்தில் இருப்பது கீற்று இல்லை." கண்ணாடித்தாளை எடுத்தேன். அதில் கொஞ்சம் வாழைப்பழம் ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டுத் துடைத்தேன். அவர்களுடைய சுவர்ப்படத்தின் மேல் வைத்துக் கால்வட்டம் திருப்பினேன். குடாவுக்குக் குடா, முனைக்கு முனை, கையுறையில் கை போவதுபோல அமர்ந்தது. "இது இலங்கையின் வடக்கில் இருக்கிறது. நான் பிறந்த தீவு. இதை நான்தான் அங்கே வைத்தேன்."

"தீவுகள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதுண்டு," என்றார் ஹெர் டோர்ன்.

"இருக்கலாம்," என்றேன். எனக்கே ஒருகணம் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு கிழக்கு ஓரத்தைக் காட்டினேன். "இந்த நேர்கோடு என்னவென்று சொல்லமுடியுமா?"

குனிந்து பார்த்தார். "மணல். தீவின் வால்."

"இல்லை. அது வீதி. அதில் பஸ் போகும்."

வழக்கறிஞர் எழுதுவதை நிறுத்தினார். வெளியே நடைவழியில் ஹெர் க்ராம் ஏதோ தாலாட்டைச் சுருதியே இல்லாமல் பாடிக்கொண்டிருப்பது கேட்டது. ஹெர் டோர்ன் தன் பதிப்பகம் நடுக்கடலில் அச்சிட்ட வீதியை நீண்டநேரம் பார்த்தார்.

"எந்தப் பஸ்?" என்று கேட்டார்.

இலக்கம் எனக்கு நினைவில்லை. அதையும் மன்னிப்போடு சொன்னேன்.

அதற்குப் பிறகு வழக்கறிஞர்கள் கடிதங்கள் எழுதினார்கள், நட்டஈடு வந்தது. அதெல்லாம் அலுப்பான கதை. திரும்பும் ரயிலில் ஹெர் க்ராம் அப்பிளை ஒரே நாடாவாக உரித்து, நாடாவை ஆரணியின் கழுத்தில் மாலையாகப் போட்டார். கோடை வரும்முன்னர் எனக்கு நிரந்தர ஒப்பந்தம் கையெழுத்தானது. வீட்டில் நேசன் அதை வாங்கி நேராக வாசித்தார். நான் தலைகீழாகவும் பார்த்தேன்.

நிரந்தரமானதும் எனக்குத் தந்த முதல் வேலை, மாலைதீவு வரைபடத்தின் புதிய பதிப்பு.

"எல்லோரும் பார்த்துவிட்ட கண்ணி கண்ணியல்ல," என்றார் ஹெர் க்ராம். "எடுத்துவிடுங்கள். வந்திருக்கிற மணலைப் புள்ளிக்கோட்டால் போடுங்கள்."

தீவைத் தெரிவுசெய்து அழிக்கும் விசையை அழுத்தினேன். உறுதியா என்று கணினி கேட்டது. என்னிடம் அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன். அன்று ஆம் என்று அழுத்தினேன்.

அன்று பின்னேரம், முன்பு கொடுத்த வாக்கின்படி, சுவர்ப்படத்தையும், பெரிதாக அடித்த எங்கள் ஊர் வரைபடத்தையும் சுருட்டிக்கொண்டு ஆரணியோடு சிவம் அண்ணையின் கடைக்குப் போனேன். அவர் புதியதை விரித்து, "நல்லாயிருக்கு," என்று சொல்லி அரிசிமூட்டைகளுக்கு மேலே மாட்டினார். சுவர்ப்படத்தை மறுபடி மேசைக்குப் பின்னால், பழைய ஆணிகளிலேயே மாட்டினார்.

உள்ளே ஒருவர் வந்தார். பெயின்ற் அடிக்கிற வேலையுடுப்பு, மயிரெல்லாம் வெள்ளைப் புள்ளி. தங்கச்சியின் கலியாணத்துக்கு லண்டன் போக டிக்கெட் கேட்டு, தன் பயணப் புத்தகத்தை மேசையில் வைத்தார். அகதிகளுக்குத் தருகிற நீலப் புத்தகம். சிவம் அண்ணை அதைப் புரட்டினார்.

"உமக்கு எல்லா நாட்டுக்கும் போகலாமெண்டு போட்டிருக்கு. இலங்கைக்கு மட்டும் ஏலாது."

"உது புதினமே அண்ணை? வந்த நாளில இருந்து அப்பிடித்தானே."

"மாலைதீவுக்கு ஏலும்."

"மாலைதீவில எனக்கு ஆர் இருக்கினம்?"

சிவம் அண்ணை கதிரையோடு திரும்பி, பேனாவால் சுவரைக் காட்டினார். அந்த மனிதர் மேசையைச் சுற்றிக்கொண்டு கிட்டப் போனார். கழுத்தைச் சரித்தார். அவருடைய விரல் நேர்கோட்டில் தொடங்கி, கரையோடு கொஞ்சத் தூரம் போய், ஓரிடத்தில் நின்றது. பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"அப்ப லண்டனை விடுங்கோ. உதுக்கு ரெண்டு போடுங்கோ அண்ணை. எனக்கும் மனுசிக்கும்."

"போய்வரவோ?"

"போக மட்டும் போதும்."

அன்று காலையில்தான் அந்தத் தீவை எங்கள் வரைபடத்திலிருந்து அழித்துவிட்டு வந்திருந்தேன். சொல்வதுதான் முறை. நான் ஆரணியின் தொப்பி நாடாவை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சியும் எங்கட ஊரோ?"

"ஓம்," என்றேன்.

"அப்ப மூண்டாப் போடுங்கோ."

"பிள்ளைக்கு அரை டிக்கெட்," என்று சொல்லிக்கொண்டே சிவம் அண்ணை பேனா மூடியைக் கழற்றினார்.